எங்கட சந்திக்கு பேங்க் வேணாம்

— அதெல்லாம் விடுங்க மிஸ். ஜெயிச்சமா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.

— ஜெயிச்சிட்டோம் ஷிராஸ் நானா. கோர்ட்டுக்குள்ளயும் சொன்னேன், படியில எறங்கிறப்பவும் சொன்னேன், இப்ப ஒங்க வேன்ல ஒக்காந்துகிட்டும் சொல்றேன். ஒங்க சந்தியில புதுக் கிளை தொறக்கிறதுக்கு அந்த பேங்குக்குக் குடுத்த அனுமதி செல்லாது. ஜட்ஜ் ரத்து பண்ணிட்டாரு.

— கேட்டியா பஸ்லினா? லோயர் மிஸ் பின் சீட்டுல ஈந்து சொல்றது காதுல விழுந்திச்சா? ஒன்ட மாப்புள்ள கவர்மெண்ட் ஆபீஸயே கோர்ட்டுக்கு இழுத்த ஆள். ஒரு சிரிப்பாவது சிரிக்கப் படாதா?

— ரோட்ட பாத்து ஓட்டுங்க. மடியில பெட்டிஸ் பெட்டி ஈக்கி, சூடு.

— பாத்தீங்களா மிஸ், கல்யாணம் முடிச்ச நாள்ல ஈந்து இதுதான் கதை. ஊரே கை தட்டினாலும் இவ பெட்டிய புடிச்சிட்டு ஈப்பா. சந்தியில எங்கட சங்கத்து ஆக்கள் எல்லாரும் கடைய பூட்டிப்போட்டு காத்துட்டு ஈக்கிறாங்க. பார்மசி மோகனராஜ் பட்டாசு வாங்கி வெச்சிட்டாராம். நான்தான் எல்லாருக்கும் திங்க ரோல்ஸும் பெட்டிஸும் கண்டியில ஈந்து கொண்டு வாறன் எண்டு சொன்ன.

— பட்டாசு இப்பவே கொளுத்த வேணாம்னு சொல்லுங்க நானா. ஜட்ஜ் ரெண்டு விஷயம் சொன்னாரு. மொத விஷயத்த கேட்டதுமே நீங்க போனத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டீங்க. ரெண்டாவத கேக்கவே இல்ல.

— ரெண்டாவது என்ன? செலவுக் காசு குடுக்கச் சொன்னாரா? அத அவங்கட்ட கேக்கவும் தேவல்ல மிஸ், நான் பெரிய மனசோட விட்டுட்டன்.

— அது இல்ல. ஒரு நிமிஷம், பொறுமையா கேளுங்க. நாம என்னன்னு கேஸ் போட்டோம்?

— எங்கள கேக்காம பேங்குக்கு அனுமதி குடுத்துட்டாங்க எண்டு.

— அதான். புதுசா ஒரு கிளை தொறக்கிறதுன்னா அந்த எடத்து வியாபாரிங்கள கூப்பிட்டு, எதிர்ப்பு இருந்தா கேட்டுட்டுத்தான் அனுமதி குடுக்கணும். சட்டத்துல இருக்கு. அந்த ஆபீஸ்ல யாரும் கேக்கல. அதனால அனுமதி செல்லாதுன்னு நான் வாதாடினேன், ஜட்ஜ் ஒத்துக்கிட்டாரு. சரிங்களா? இப்ப அவர் என்ன சொல்றாருன்னா, திரும்பப் போயி, அந்த ஆளுங்கள கூப்பிட்டு, கேட்டுட்டு, பொறகு புதுசா முடிவெடுங்கன்னு.

— கேக்கட்டும். வேணாமெண்டு சொல்றதுதானே.

— வேணாம்னு மட்டும் சொன்னா பத்தாது. ஏன் வேணாம்னு சொல்லணும். பிரதேச சபை மண்டபத்துல, ஊரே வந்து ஒக்காந்திருக்க, மனுவுல கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு நின்னு சொல்லணும். மொத ஆளா நீங்க. சங்கத் தலைவர்.

— நீங்க ஈக்கிற தானே மிஸ். நீங்க சொல்லுங்களேன். இண்டைக்கு என்ன அழகா பேசின நீங்க.

— நான் பக்கத்துல ஒக்காரலாம். காரணம் ஒங்க வாயால வரணும். எங்க கதைய கேக்கலேன்னு அழுதது நாமதான். சரி, கேக்குறோம் சொல்லுங்கன்னு கோர்ட் ஒக்கார கதிரை போட்டுக் குடுக்குது. இனி வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்?

— போகாட்டி என்ன செய்வாங்க?

— அதே அனுமதிய அண்ணிக்கே திருப்பிக் குடுப்பாங்க. இந்த வாட்டி ஒழுங்கா குடுப்பாங்க. அதுக்கப்புறம் எந்தக் கோர்ட்டாலயும் அத அசைக்க முடியாது.

— அப்ப நான் இவ்வளவு நாளா கோர்ட்டுக்கு ஏறி எறங்கினது, அந்த பேங்க்காரனுக்கு ரோட்டுப் போட்டுக் குடுக்கவா?

— அப்பிடி இல்ல. நல்ல காரணம் இருந்தா சொல்லுங்க, அவங்களால தட்ட முடியாது. அதான் கேக்குறேன். என்ன காரணம் நானா? சத்தியக் கடதாசியில வியாபாரத்துக்குப் பாதிப்புன்னு எழுதினோம். என்ன பாதிப்பு?

— ட்ரபிக். மடவளை பஸ் எல்லாம் அந்த சந்தியாலதான் போற. பேங்குக்கு வாற ஆக்கள் வாகனத்த எங்க நிப்பாட்டுற?

— கட்டடத்துக்குப் பின்னாடி அவங்களுக்கு பெரிய வளவு இருக்கு. படம் கோர்ட்டுல காட்டுனாங்க.

— ஸ்கூல் பிள்ளைகள் போற வழி.

— பேங்குக்கு வந்தவங்க பிள்ளைங்கள கடிச்சா வைக்கப் போறாங்க?

— சரி. பள்ளிவாசல் பக்கத்துல ஈக்கி. வட்டி எடுக்கிற எடம். ஹறாம். இத சொன்னா ஆரும் மறுத்துப் பேச ஏலா.

— நானா, ஒங்க கடைக்கு பேங்க் கணக்கு இருக்கா?

— கணக்கு இல்லாம டெக்ஸ்டைல் வியாபாரம் செய்ய ஏலுமா மிஸ்? கொழும்புக்கு செக் போடணுமே.

— எந்த பேங்க்ல?

— ம்.

— சொல்லுங்களேன்.

— அதே பேங்க்லதான். அவங்கட கம்பளை கிளையில.

— புள்ளட வாப்பா, அல்லாஹ்வ இதுக்குள்ள கொண்டு வராதீங்க. வேற என்னவும் சொல்லுங்க.

— நீ பெட்டிய புடி. பேச்சு மிஸ்ஸோட.

— அக்கா சொல்றது சரிதான் நானா. அத அந்த மண்டபத்துல சொன்னீங்கன்னா மொதக் கேள்வியிலேயே ஒங்கள ஒக்கார வச்சிருவாங்க. வேற?

— இந்த மஹியாவை ட்ரபிக்ல ஒரு மனுசனால யோசிக்க ஏலுமா? இந்த பஸ்காரனப் பாருங்க, தலைய நுழைச்சிட்டு நிக்கிறான்.

— பஸ்ஸ விடுங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— இந்தக் கேஸ எடுத்தப்ப நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். வியாபாரிங்க எல்லாம் ஒண்ணா சேந்து, எங்கள கேக்கலேன்னு நிக்கிறாங்க, இது நியாயத்துக்கான கேஸ்னு நெனச்சேன். ஆனா கேஸ் நடக்க நடக்க, ஒங்க சங்கத்து ஆளுங்க ஒவ்வொருத்தரா என் ஆபீஸுக்கு வந்தாங்க. தனித்தனியா. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்.

— என்னத்துக்கு? எனக்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லயே.

— எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. ஒருவேள நாம தோத்து, இங்க கிளை வந்திருச்சுன்னா, கம்பளை கிளையில இருக்கிற நம்ம சாமான் எல்லாம் இங்க மாத்திருவாங்களா மிஸ்னு.

— என்ன சாமான்?

— அதத்தான் நானும் கேட்டேன். மொதல்ல வந்தவரு தண்ணி கேட்டாரு. அடுத்தவரு தரையப் பாத்தாரு. பேர் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. நக நானா. எல்லாம் அடகு வச்ச நக. அவங்க சந்தியில இருந்து கம்பளைக்குப் போயி ஈடு வச்சது. சொந்த ஊர்ல அந்தக் கதவத் தொறந்து உள்ளுக்குப் போறத ஆரும் பாத்துரக் கூடாதுன்னு.

— எல்லாருமா?

— வந்தவங்க எல்லாரும். எனக்கு இது புதுசு இல்ல. எங்க வீட்ல நக அடகு வைக்க மாத்தளைக்குப் போவாங்க. எங்க அம்மா டொரதி டீச்சர், கண்டியில எத்தன பேங்க் இருக்கு, ஆனா மாத்தளைக்குத்தான் போவாங்க. மாத்தள மாரியம்மன் கோவில் தேர் பாக்கப் போறேம்பாங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரி, சேலை முந்தானைக்குள்ள கைய வச்சுக்கிட்டு தேர் பாக்கப் போறாங்க. நானும் நம்பினேன்.

— அப்ப மோகனராஜ்?

— பேர் சொல்ல மாட்டேன்னேன்.

— அந்த ஆள் கம்பளைக்கு பல்லு வைத்தியம் பாக்கப் போற எண்டுதான் சொல்ற. மாசத்துக்கு மாசம் போற.

— அவருக்கு எத்தன பல்லு ஈக்கும்?

— பஸ்லினா.

— இல்ல, கேக்கிறன். நான் அவர பேங்க்ல கண்ட. நம்பர் துண்ட கையில வெச்சிட்டு பெஞ்சுல குந்திட்டு ஈந்தார். என்ன கண்டதும் எழும்பி வந்து, தங்கச்சி, பஸ் ஸ்டேண்டுக்கு எந்தப் பக்கம் போறது எண்டு கேட்டார். கம்பளையில படிச்ச மனுசன். நானும் கைய நீட்டி வழி சொன்ன. அவர் அந்தப் பக்கமே நடந்து போய், ஒரு சுத்து சுத்திட்டு, நான் போய்ட்டன் எண்டு நெனச்சு திரும்பி வந்தார். நான் அதே பெஞ்சுலதான் குந்திட்டு ஈந்தன்.

— போதும் பஸ்லினா.

— ஒரு நிமிஷம். அக்கா, நீங்க அந்த பெஞ்சுல என்ன பண்ணினீங்க?

— அவட தாத்தா, மூத்த சகோதரி, கம்பளையில ஈக்கிற மிஸ். றலியா. அவங்கள பாக்கப் போவா. போன எடத்துல பேங்குக்குள்ள ஏசிக்கு ஒதுங்கி ஈப்பா, வேற என்ன.

— என்ட நகையும் அங்கதான் ஈக்கி மிஸ்.

— பஸ்லினா, மிஸ்ஸுக்கு முன்னால என்ன பேச்சு இது?

— மிஸ்ஸுக்கு முன்னால இல்லாம வேற ஆருக்கு முன்னால பேச? ஒங்கட்ட பேசினா காது கேக்கிறல்ல. மிஸ், மாலை, காப்பு, கல்யாணத்துக்கு வாப்பா போட்ட பதக்கம், எல்லாம் அங்கதான். நாட்டுல சாமான் இல்லாமப் போன வருசத்துல கடை படுத்திச்சு. அதுல ஈந்து உள்ள போறதும் வெளிய வாறதுமா ஈக்கி. இந்த வருசம் வெளிய வரவே இல்ல.

— வேன நிப்பாட்டவா? நான் வேணுமெண்டா எறங்கி நடந்து போறன். நீங்க ரெண்டு பேரும் ஆசையா பேசுங்க.

— ட்ரபிக்ல எங்க நிப்பாட்டுற. ஓட்டுங்க.

— நானா, நான் குத்திக் காட்டுறதுக்காக இதக் கேக்கல. எனக்கு வெக்கமா இருக்கு. ஒங்கள நெனச்சு இல்ல, என்ன நெனச்சு. இண்ணிக்குக் காலையில ஜட்ஜ் முன்னுக்கு நின்னு, வியாபாரிகளுடைய நியாயமான அச்சம்னு எத்தன வாட்டி சொன்னேன். அச்சம் இருந்துச்சு, அது பொய் இல்ல. ஆனா அது என்ன அச்சம்னு எனக்கு பாதித் தெரியும். தெரிஞ்சும் கேக்காம இருந்துட்டேன். ஜெயிக்கணும்னு ஆசை.

— நீங்க ஒரு பிழையும் செய்யல்ல மிஸ். சட்டத்தத்தானே பேசின.

— பின் பெஞ்சுல ஒக்காந்திருந்தவங்கள பாத்தீங்களா?

— ஆரு, அந்த மேல் தேயிலைத் தோட்டத்து ஆக்களா?

— ஆமா. கிளை வரணும்னு கேட்டவங்க அவங்கதான். சம்பளம் பேங்குக்கு வருது, அத எடுக்கணும்னா ஒரு நாள் பேர, அந்த நாள் கூலிய, விட்டுட்டு கண்டிக்கோ கம்பளைக்கோ போகணும். எங்க அம்மா பொறந்த தோட்டம் அது. தீர்ப்பு சொன்னதும் அந்தப் பொம்பளைங்க எந்திரிச்சு வெளிய போனாங்க. நான் அந்தப் பக்கம் போனா, ஒருத்தி என் கையப் புடிச்சு, டொரதி டீச்சர் மகளா, நல்லா பேசுனீங்க புள்ளன்னு சொல்லிட்டுப் போறா. அவளுக்கு எதிரா பேசினேன் நானா. அவ என்ன வாழ்த்திட்டு பஸ்ஸுக்குப் போறா.

— அவங்க பாவம்தான். நான் இல்ல எண்டு சொல்லல்ல. ஆனா அந்தக் கட்டடம் எங்க ஈக்கி தெரியுமா? என்ட கடைக்கு நேரெதிர. நான் காசு மேசையில குந்தினா அந்தக் கதவுதான் கண்ணுக்கு முன்னால. பேங்க் வந்தா அடகு போர்ட தொங்கப் போடுவான், நீலமும் சிவப்புமா லைட் எரிய. அந்தக் கதவால இவ ஏறிப் போறத என்ட கடைப் பொடியன்கள் பாக்கணும், வாங்க வந்த ஆக்கள் பாக்கணும். நோன்புக்கு நோன்பு எங்கட வீட்டு வாசல்லதான் அரிசி பேக் வாங்க ஊர் வந்து நிக்கிற. குடுக்கிற வீடு எண்டு பேர். அந்த வீட்டுப் பொம்பள கழுத்துல கெடந்தத கழட்டி எடுத்துட்டு ரோட்டக் கடந்து போற எண்டா, அடுத்த நோன்புக்கு நான் எந்த மூஞ்சோட பேக்க நீட்டுற? சொல்லுங்க மிஸ். இது காரணம் இல்லியா?

— இது காரணம்தான் நானா. இத்தன நாள்ல நீங்க சொன்ன ஒரே உண்மையான காரணம் இதுதான். இத அந்த மண்டபத்துல சொல்லுவீங்களா?

— விளையாடுறீங்களா?

— அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ட்ரபிக்குன்னும் ஸ்கூல் பிள்ளைங்கன்னும் சொல்லிக் குடுக்க இனி எனக்கு வாய் வராது. இந்தா, கட்டுகஸ்தோட்டை வந்திருச்சு. பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பேக்கரி முன்னுக்கு நிப்பாட்டுங்க, நான் எறங்கிக்கிறேன்.

— வீட்டடியிலயே விடுறனே மிஸ்.

— வேணாம் நானா, கொஞ்சம் நடக்கணும் போல இருக்கு. அக்கா, வரட்டுமா? மன்னிச்சிருங்க, ஒங்க வீட்டு விஷயத்த நான்தான் கிளறிட்டேன்.

— நீங்க கிளறல்ல மிஸ். அது மேலதான் கெடந்திச்சு. இந்தாங்க, ரெண்டு பெட்டிஸ் கொண்டு போங்க, டொரதி டீச்சருக்கு. ஸலாம் சொன்ன எண்டு சொல்லுங்க.

— சரிங்க அக்கா. நானா, யோசிச்சு எனக்கு ஒரு போன் பண்ணுங்க.

— சரி மிஸ். பாத்து எறங்குங்க, தண்ணி நிக்கிது.

— கதவு சரியா பூட்டல்ல. திரும்ப அடிங்க மிஸ். ஆ, சரி.

— இப்ப ஒனக்கு சந்தோஷமா?

— என்ன சந்தோஷம்?

— என்ட மானத்த பின் சீட்டுக்கு அள்ளிப் போட்ட தானே. அந்தப் பிள்ள என்ன நெனச்சிருக்கும்? ஷிராஸ் டெக்ஸ்டைல் மொதலாளி, பொஞ்சாதிட மாலைய ஈடு வெச்சு கடை நடத்துற எண்டு.

— அது உண்மதானே.

— உண்மய எல்லாம் சொல்லணுமெண்டு எங்க எழுதி ஈக்கி?

— நீங்க எனக்கே சொல்லல்ல. அதுதான் எனக்கு ஏலாம ஈக்கி.

— நான் என்ன மறைச்ச? நகை போறது வாறது எல்லாம் ஒனக்குத் தெரியும், ஒன்ட கையாலதானே.

— ஒரு நாளாவது, பஸ்லினா, மாலைய கொண்டு போய் ஈடு வெச்சிட்டு வா எண்டு ஒங்கட வாயால சொன்னீங்களா? ஒரே ஒரு நாள்?

— சொல்லாம நீ எப்படிப் போன?

— அலுமாரிச் சாவிய மேசையில வெப்பீங்க. பல்லு வெளக்கிட்டே, நாளைக்கி றலியாவ ஒரு எட்டு பாத்துட்டு வாவேன் எண்டு சொல்லுவீங்க. அவ்வளவுதான். மொத தடவ எனக்கு வெளங்கவே இல்ல. நான் உண்மையாவே றலியா தாத்தாவ பாக்கப் போய்ட்டு, சோறு திண்டிட்டு வந்துட்டன். வெறுங்கையோட வந்த என்ன நீங்க பாத்த பார்வை, அதுல ஈந்துதான் வெளங்கிச்சு.

— எனக்கு வாய் வரல்ல பஸ்லினா. ஒன்ட வாப்பா போட்டு அனுப்பின நக. அத எடு எண்டு எந்த நாக்கால சொல்றது?

— நாக்குக்குத்தான் வரல்ல. கைக்கு சாவி வந்திச்சே.

— நல்லா சொல்லு. இன்னும் என்ன ஈக்கி?

— சத்தம் போடாதீங்க, நான் சண்டைக்கு பேசல்ல. பேங்குக்குப் போறது எனக்கு ஒரு பாரமில்ல. நம்பர் எடுத்து, குந்தி, குடுத்து, வாங்கிட்டு வாறது. வெள்ளையா சட்ட போட்ட பிள்ள ஒண்டு தராசுல வெக்கிம், எழுதும், கையெழுத்து போடுங்க அன்டி எண்டு சொல்லும். ஆரும் ஆரையும் பாக்கிறல்ல. நான் கூச்சப்பட்டது றலியா தாத்தாட வீட்டுல. போற போக்குல அங்கயும் போகணுமே, பொய் ஆகக் கூடாதெண்டு. என்ன கண்ட ஒடனே தாத்தா அடுப்ப பத்த வெப்பா. மூட்டு வலியோட எழும்பி, வட்டிலப்பம் வெக்கவா, கோழி அறுக்கவா எண்டு கேப்பா. பக்கத்து வீட்டு ஜஹானாவ கூப்பிட்டு, பாத்தியா, என்ட தங்கச்சி, எவ்வளவு தூரத்துல ஈந்து என்ன பாக்க வந்திருக்கிற எண்டு காட்டுவா. நான் பேக்க மடியில இறுக்கி வெச்சிட்டு சிரிச்சிட்டு ஈப்பன். அந்த சிரிப்பு சிரிச்சு சிரிச்சு என்ட மூஞ்சே எனக்குப் புடிக்காமப் போச்சு.

— நீ அத எனக்கிட்ட சொல்லவே இல்ல.

— நான் போய்ட்டு வந்தா நீங்க கேக்கிறது ஒண்டே ஒண்டு. றலியா சொகமா எண்டு. நான் சொகம் எண்டு சொல்லுவன். அது நகைக்கும் சேத்த பதில் எண்டு ஒங்களுக்குத் தெரியும்.

— வெக்கமா ஈக்கி பஸ்லினா. வேற என்ன சொல்ல. ஸ்டியரிங்க புடிச்சிட்டு ஈக்கிறதால ஒன்ட மூஞ்சப் பாக்க தேவல்லாம ஈக்கி, அது பெரிய உபகாரம்.

— போன தடவ தாத்தா என்ன கண்டுட்டா.

— எங்க?

— பேங்க் வாசல்ல. மருந்து எடுக்க டவுனுக்கு வந்திருக்கிற. நான் பேக்க மூடிட்டே படியால எறங்கிற, அவ கீழ குடைய புடிச்சிட்டு நிக்கிற. என்ட கழுத்த ஒரு பார்வ பாத்தா, அவ்வளவுதான். ரெண்டு பேருமா வீட்டுக்குப் போனோம். சோறு போட்டா, கறி போட்டா, வழமைய விட கூடவே போட்டா. பஸ்ஸுக்கு வரக்குள்ள என்ட கையப் புடிச்சிட்டு சொன்னா, பஸ்லி, பேங்குக்கு வாற நாள்ல என்னையும் பாக்க வரணுமெண்டு இல்ல தங்கச்சி, ஒனக்கு களைப்பா ஈக்கும், நேர வீட்டுக்குப் போ எண்டு.

— அல்லாஹ்வே.

— அவ கோவிச்சு சொல்லல்ல. உண்மையாவே என்ட களைப்ப நெனச்சுத்தான் சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கல்ல. அவ்வளவு காலம் வந்தது எல்லாம் எதுக்கு எண்டு ஒரு நிமிசத்துல கணக்குப் பாத்துட்டா, பாத்துட்டு என்னையே சமாதானம் செய்றா. நான் பஸ்ஸுல கம்பளையில ஈந்து பேராதெனி வரைக்கும் அழுத. அதுக்குப் பொறகு நான் போகல்ல. சாவிய மேசையில வெச்சீங்க, நான் பாக்காத மாதிரி ஈந்துட்டன். ஞாபகம் ஈக்கா?

— ஞாபகம் ஈக்கி. ஒனக்கு காய்ச்சல் எண்டு நெனச்ச.

— காய்ச்சல் இல்ல. அந்த பேங்க் நம்ம சந்திக்கு வரப்போற எண்டு எங்கட கடைப் பொடியன் ஒருத்தன் சொன்னப்ப நான் எவ்வளவு சந்தோஷப்பட்ட தெரியுமா? ரோட்டக் கடந்து போனா முடிஞ்சிச்சு. கம்பளைக்குப் போனா தாத்தாவ பாக்க மட்டும் போகலாம். ஒரு கிலோ தோடம்பழத்த வாங்கிட்டு, பேக்குல வேற ஒண்டும் இல்லாம. அடுத்த நாளே நீங்க சங்கத்த கூட்டி, வழக்குப் போடுவோம் எண்டுட்டு வந்து நிக்கிற. அந்த ராவே சொல்லியிருக்கலாம் நானும். எனக்கும் வாய் வரல்ல. எனக்கும் வெக்கம்தான்.

— போன நோன்புக்கு பேக் குடுத்தோமே.

— ஓ. பதக்கத்துல குடுத்த.

— அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்த. ஒவ்வொருத்தரும் ஒங்களுக்கு பறக்கத் கெடைக்கட்டும் எண்டு சொல்லக்குள்ள நான் தலைய ஆட்டிட்டு நிண்ட.

— நானும் கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துட்டுத்தான் ஈந்தன்.

— போதும். எனக்கு இந்தக் கேஸே வேணாம். நாளைக்கே அந்த மிஸ்ஸுக்கு போன் போட்டு சொல்றன், எங்களுக்கு எதிர்ப்பு ஒண்டும் இல்ல எண்டு எழுதிக் குடுங்க எண்டு. சங்கத்து ஆக்களயும் நான் சரிக்கட்டுறன். மோகனராஜ் ஒடனே ஒத்துக்குவார், அவர எனக்கு இப்ப நல்லாத் தெரியும். விசாரணை எண்டு ஒருத்தரும் மண்டபத்துக்குப் போகவும் தேவல்ல, ஒருத்தரும் வாயத் தொறக்கவும் தேவல்ல. பேங்க் வந்தா வரட்டும். நீ ரோட்டக் கடந்து போ, நான் காசு மேசையில குந்திட்டு ஈக்கிறன். பாக்கிறவன் பாக்கட்டும். சரியா? இப்பயாவது சிரி.

— நல்லம். ஆனா இது காலையிலயே சொல்லியிருக்கணும்.

— ஏன், இப்ப என்ன பிந்திட்டுதா?

— நீங்க பெட்டிஸ் வாங்கப் போன நேரம் பேங்க்ட ஆபீசர் ஒருத்தர் கோர்ட்டுக்கு வெளிய ஈக்கிற பெஞ்சடிக்கு வந்தார். மண்டபத்துல எங்களுக்காக பேச அந்த சந்தியில ஈந்து ஒருத்தராவது வருவாங்களா எண்டு அந்தத் தோட்டத்துப் பொம்பளைகள்ட்ட கேட்டார். அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு நிண்டாங்க. நான் எழும்பி என்ட பேர குடுத்துட்டன். எந்த பஸ்லினா எண்டு கேட்டார். ஷிராஸ் டெக்ஸ்டைல் மொதலாளிட பொஞ்சாதி, என்ட நக ஒங்கட கம்பளை கிளையில ஈக்கி எண்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி நான் சொன்ன.